வேலைக்கும் ஒரு கைப்பிடிச்சுவர்

(நன்கொடையாளர் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எத்தனை பிரசவம் பார்த்தோம், எத்தனை பேருக்குக் கண் அறுவைச் சிகிச்சை செய்தோம் என்ற கணக்கை வழக்கம்போல் மருத்துவக் கண்காணிப்பாளர் உங்களுக்கு வாசித்துவிட்டார். வந்து சுகம் பெற்றுப் போனவர்களின் கணக்கு அது. என்னிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருள் வேறு. நம்முடைய கட்டிலுக்கு வராமலே இருந்திருக்கக்கூடியவர்களைப் பற்றி, அதாவது செய்த வேலையினாலேயே காயமோ நோயோ பட்டு வந்தவர்களைப் பற்றி, நான் பேச வேண்டும்.

நம் அட்மிஷன் புத்தகத்தில் பெயர், வயது, ஊர் இவற்றை அடுத்து ‘தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பக்கம் பக்கமாக ஒரே வார்த்தைதான் எழுதியிருக்கும்: ‘கூலி’. கூலி என்பது ஒருவர் வாங்குகிற சம்பளத்தின் பெயர். அவர் செய்கிற வேலை இன்னதென்று அதில் தெரியாது. திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிப்பவரும் கூலி, ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவரும் கூலி, நூற்பாலையில் பஞ்சுத் தூசியில் நிற்பவரும் கூலி, செங்கல் சூளையில் மண் மிதிப்பவரும் கூலி. இருமல் என்று நான்கு பேரும் வந்தால் நான்கு பேருக்கும் ஒரே சீட்டு எழுதப்படும். ஆனால் நூற்பாலைக்காரருக்கு வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், நாள் போகப் போகக் குறையும். அது பஞ்சுத் தூசி நோயின் அடையாளம். என்ன வேலை என்று கேட்டால்தான் அது பிடிபடும்.

இத்தாலி தேசத்திலே ராமஸ்ஸினி என்று ஒரு வைத்தியர் இருந்தார். அவர் வீட்டுக் கழிவுக்குழியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒருவர் மிகவும் அவசரப்பட்டு வேலை செய்ததைக் கண்டு, ஏன் இவ்வளவு வேகம் என்று விசாரித்தார். கூடுதல் நேரம் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்றாராம் அந்த மனிதர். அதிலிருந்து பிறந்ததுதான் தொழில்நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட புத்தகம். நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றோடு ‘நீ என்ன வேலை செய்கிறாய்’ என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளும்படி அவர் வைத்தியர்களுக்குச் சொன்னார். 300 வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் புத்தகத்தில் இன்னும் ‘கூலி’தான்.

நம் பள்ளத்தாக்கில் வேலை மாறிப்போனதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1895இல் முடிந்த பெரியாறு அணைதான் இந்த மண்ணுக்கு இருபோக நெல்லைக் கொடுத்தது. அதைக் கட்டிய கூலியாட்களில் நூற்றுக்கணக்கானோர் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டார்கள் என்பதை நாம் தண்ணீர் திறப்பு விழாவில் அதிகம் பேசுவதில்லை. அதன்பின் பல தலைமுறைகளாக நடவும் அறுப்பும் சொந்த ஊரில், தெரிந்த சம்சாரியின் வயலில் நடந்தன. அங்கே கஷ்டம் இருந்தது, அநியாயமும் இருந்தது. ஆனாலும் காலில் அரிவாள் பட்டால் யார் வாசலில் போய் நிற்பது என்று தெரிந்திருந்தது. இன்றைக்கு அறுப்பை இயந்திரம் எடுத்துக்கொண்டது. கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து விடியுமுன்னே நம் சகோதரிகள் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஆளைக் கூட்டிப் போகிறவர் ஒருவர், ஜீப்பு இன்னொருவருடையது, தோட்டம் மூன்றாமவருடையது, அதுவும் அடுத்த மாநிலத்தில். அடுத்த வாரம் வேறு தோட்டமாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட வேலையில் அடிபட்டால் யாரைக் கேட்பது?

மருந்தடிக்கும் வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் ஜெபிக்கப் போகும் கட்டில்களில் இதற்கு எப்போதும் ஓர் இடம் உண்டு.

தமிழிலே பூச்சிக்கொல்லிக்கும் ‘மருந்து’ என்றே பெயர் வைத்துவிட்டோம். தாதியர் கையில் கொடுக்கிற மாத்திரையும் மருந்து. தோளில் தொங்கும் டேங்கில் இருப்பதும் மருந்து. பெயர் நல்ல பெயராக இருப்பதால் பயம் போய்விடுகிறது. மருந்து சிந்திய சட்டையோடு டீ குடிப்பார்கள். அடைத்த நாசலை வாயால் ஊதுவார்கள். காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிப்பார்கள். 1958இல் கேரளத்தில், கப்பலில் ஒன்றாக ஏற்றிவந்த பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி உணவுப் பொருளில் கலந்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. டப்பாவின்மேல் சாய்ந்த சதுரம் ஒன்றில் நிறம் போட வேண்டும் என்ற விதியும் வந்தது. சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் நிறத்தை அறியலாம் என்பது நோக்கம். ஆனால் கடையிலேயே மூடியைத் திறந்து வேறு பாட்டிலில் ஊற்றி வாங்கி வந்தால் நிறம் எங்கே இருக்கும்?

கட்டிலில் கிடக்கும் சகோதரனிடம், “என்னப்பா நடந்துச்சு?” என்று கேட்டால், “எப்பவும் அடிக்கிற மருந்துதாங்கய்யா, என்னமோ இன்னிக்கு ஒத்துக்கல” என்பார். இந்தப் பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நம் மருத்துவர்கள் இதற்கு எனக்குச் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொல்கிறேன். நரம்பு தசைக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. செய்தி சேர்ந்தவுடன் அதை நிறுத்துவதற்கு உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் அந்த நொதியைக் கட்டிப்போடுகின்றன. செய்தி நிற்காமல் ஓடுகிறது. வியர்வை, எச்சில், கண்ணீர், சளி எல்லாம் ஒழுகும், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சுவிடும் தசை ஓய்ந்துபோகும். திங்களன்று தோல் வழியே புகுந்தது கொஞ்சம் நொதியைக் கட்டும், செவ்வாயன்று இன்னும் கொஞ்சம். இழந்த நொதி திரும்ப ஊறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே திங்களன்று ஒன்றும் செய்யாத அதே அளவு வியாழக்கிழமை ஆளைக் கீழே தள்ளிவிடுகிறது. ‘எப்பவும் அடிக்கிற மருந்து’ என்று அவர் சொன்னதுதான் நோயின் காரணமே.

கம்பம் திராட்சையைப் பந்தலில் ஏற்றி வளர்க்கிறோம். (பன்னீர்த் திராட்சையை 1832இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.) பந்தலுக்கு அடியில் நின்று மேல்நோக்கி அடித்தால், இலை நனைந்த மீதி அடிப்பவரின் முகத்திலும் கழுத்திலும்தான் சொட்டும். ஏலச்செடியும் ஆள் உயரத்துக்கு மேல் நிற்பது. மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் 2017இல், அந்த வருஷம் ஆளை மறைக்கும் அளவு வளர்ந்திருந்த பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்து, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது நம் பந்தல்கள்தான் என் நினைவுக்கு வந்தன.

இங்கே பொதுவாக ஒரு பேச்சு எழும்: “முகமூடி போடச் சொன்னால் போடமாட்டேன் என்கிறார்கள், ஐயா.” உண்மைதான், போடுவதில்லை. சித்திரை வெயிலில் ரப்பர் முகமூடியோடு ஒரு மணி நேரம் டேங்கு சுமந்து பார்த்தவர் இந்தப் பேச்சைப் பேசமாட்டார். அதுவுமன்றி, டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் அவர் ஓடித்தான் அடிப்பார்; காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று நின்று பார்க்க மாட்டார்.

உபாகமம் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தை வீட்டுக்குப் போய் வாசித்துப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மொட்டைத்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும், ஒருவன் அங்கிருந்து விழுந்தால் அந்தப் பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் பொருள். நான் இறையியல் கல்லூரியில் படித்த காலத்தில் இதை வேகமாகக் கடந்து போய்விடுவோம். மருத்துவமனைக்கு வந்த பிறகுதான் இரண்டு காரியங்கள் என் கண்ணில் பட்டன. ஒன்று, ஒருவனும் விழுவதற்கு முன்னே, வீடு கட்டும்போதே இந்தக் கட்டளை வந்துவிடுகிறது. மற்றொன்று, அது பேசுவது வீட்டுக்காரனிடம். தளத்தில் நடக்கிறவனைப் பார்த்து ‘ஜாக்கிரதையாக நட’ என்று அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை.

உங்களில் சிலருக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. சிலருக்கு மேலே ஏலத்தோட்டம் உண்டு. ஒரு சிலர் உரமும் மருந்தும் விற்கும் கடை நடத்துகிறீர்கள். நம் மருத்துவமனையின் வெண்டிலேட்டர் ஒன்று உங்கள் காணிக்கையால் வாங்கப்பட்டது என்பதையும் அறிவேன். ஆகையால் இதை உரிமையோடு சொல்கிறேன்.

மருந்தடிக்கும் இடத்திலேயே ஒரு குழாயும் சோப்பும் இருக்கட்டும். அடித்து முடித்தவர் அங்கேயே குளித்து, மாற்றுச் சட்டை போட்டு வீட்டுக்குப் போகட்டும்; இல்லையென்றால் அந்தச் சட்டையை அவர் மனைவி வெறுங்கையால் துவைப்பார், பிள்ளை அதன்மேல் ஏறி விளையாடும். ஒழுகும் டேங்கை இன்றைக்கே பழுது பாருங்கள், முதுகு நனைந்தால் அது உடம்புக்குள் போகிறது என்று பொருள். கூலியை நாள் கணக்கில் பேசுங்கள். ஒரே ஆளை நாள்தோறும் அடிக்கச் சொல்லாமல் மாற்றி விடுங்கள். அடித்த பந்தலுக்குள் காய் பறிக்க எத்தனை நாள் கழித்துப் போகலாம் என்று பலகையில் எழுதித் தொங்கவிடுங்கள். மீதி மருந்தை வேலையாள் கையில் கொடுத்தனுப்பாமல் தோட்டத்திலேயே பூட்டி வையுங்கள். வீட்டில் மனக்கசப்பு வந்த ஒரு ராத்திரியில் அந்த பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததனால் பிள்ளையை இழந்த பெற்றோருடன் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு மேல் அதைப்பற்றி நான் பேச விரும்பவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கொடிய மருந்தை வாங்காமலே விட்டுவிட முடியுமா என்று முதலில் பாருங்கள். இலங்கை அரசு 1995இல் மோனோகுரோட்டோபாஸையும், 1998இல் எண்டோசல்பானையும் தடை செய்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்தத் தேசத்துத் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. விளைச்சல் விழவில்லை. கேரளம் 2011இல் மோனோகுரோட்டோபாஸ், பாரகுவாட் உட்படப் பலவற்றைத் தடை செய்தது. ஆகவே சில வருஷ காலம் மலைக்கு அந்தப் பக்கம் விலக்கப்பட்டது இந்தப் பக்கம் அலமாரியில் இருந்தது. மோனோகுரோட்டோபாஸை விலக்கும் மத்திய அரசின் ஆணை 2023இல்தான் வந்தது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் தோட்டக்காரருக்கு இல்லை.

இனி ஜீப்பைப் பற்றிச் சிறிது. மலைப்பாதையில், மூடுபனியில், ஏற்றக்கூடிய அளவுக்கு இரண்டு மடங்கு ஆளோடு போகும் ஜீப்புகளை நீங்களும் பார்க்கிறீர்கள். அவர்கள் வேலைக்கு ஏற்ற நேரத்தில் ஓர் அரசுப் பேருந்து கேட்டு மனுக் கொடுப்பது நம்மால் கூடிய காரியம். அதுவரையில் ஆள் எண்ணிக்கையைத் தோட்டக்காரர்தான் கட்டுப்படுத்த முடியும். இரண்டு நடைக்கு வாடகை கொடுக்க அவர் மனம் இசைந்தால் போதும்.

இதில் நம் மருத்துவமனை செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவே நேரும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிலைநாட்டப்பட்டால், வேலையில் நேர்ந்த விபத்தாக எண்ணப்படும். தொடர்பை எதைக் கொண்டு நிலைநாட்டுவது? அந்த ஏழைப் பெண்ணிடம் சம்பளச் சீட்டும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. அடிபட்ட அன்று காலை ஆறு மணிக்கு நம் விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் இரண்டு வரிதான் அவர் கையில் இருக்கும் சாட்சி. ‘ஜீப் கவிழ்ந்தது, கூலி’ என்று எழுதினால் ஒன்றும் நிலைநிற்காது. ‘இன்ன ஊர்த் தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் வழியில், இன்னார் அழைத்துச் சென்ற ஜீப்பில்’ என்று எழுதினால், காலொடிந்து ஆறு மாதம் படுத்திருக்கும் பெண் எதையாவது கேட்க வழியுண்டு.

ஆகையால் இம்மாதம் முதல் நம் அட்மிஷன் புத்தகத்தில் ‘தொழில்’ கட்டத்துக்குப் பதிலாக மூன்று கட்டங்கள் வருகின்றன: என்ன வேலை, எதை வைத்துச் செய்கிறார், யாரிடம். இரவிலும் இதைக் கேட்டு எழுத ஓர் எழுத்தர் கூடுதலாக வேண்டும். அவருடைய ஓராண்டுச் சம்பளம் உங்கள் முன் நான் வைக்கும் முதல் விண்ணப்பம்.

இரண்டாவது, அந்த நொதியின் அளவை இரத்தத்தில் பார்க்க முடியும். திராட்சைக்குக் கவாத்து முடிந்து மருந்தடிப்புத் தொடங்கும் முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை பார்த்தால், விழப்போகிறவரை விழுமுன்னே நிறுத்தி வேறு வேலைக்கு அனுப்பலாம். தங்கள் தோட்டத்து ஆட்களை இதற்கு அனுப்ப மனமுள்ளவர்கள், எத்தனை பேர் என்பதையும் கவாத்து எப்போது என்பதையும், அவர்கள் பரிசோதனைக்கு வரும் நாளுக்குக் கூலி கொடுப்பீர்களா என்பதையும் இன்று போகுமுன் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கூலி கொடுக்காவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள்.