அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க



சின்னாளபட்டியில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வந்திருக்கிறார் என்று கேட்டு அடுத்த தெருவிலிருந்து வேகவேகமாக வந்தார். திண்ணையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து பிரஷர் பார்க்கக் கையை நீட்டினார். பெல்ட் இறுகும்போதே பேரன் காலேஜில் சேர்ந்த கதை ஆரம்பமாகிவிட்டது. மிஷின் 168 காட்டியது.

"மிஷின் கோளாறும்மா."

ஊழியர் பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து நாற்காலி எடுத்துப் போட்டார். "சாஞ்சு உக்காருங்க பெரியம்மா. காலைத் தரையில வைங்க. அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க." அப்புறம் பார்த்தால் 146.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் 'மக்களைத் தேடி மருத்துவம்'. இன்று பிரஷர் மிஷின் திண்ணைக்கே வந்துவிட்டது, பலர் சொந்தமாகவும் வாங்கிவிட்டார்கள். பார்க்கிற விதம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்டு அளப்பது, 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் சொன்ன முறை. வீட்டு மிஷின் பெரும்பாலும் சத்தம் கேட்பதில்லை. ரத்தக்குழாய் துடிக்கும்போது பெல்ட்டுக்குள் காற்று லேசாக அதிரும்; அந்த அதிர்வை வைத்துக் கணக்குப் போடுகிறது. கையை ஆட்டினால் அதுவும் கணக்கில் கலந்துவிடும். நாடி தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கு மிஷின் தடுமாறுவதும் இதனால்தான். அவர்கள் டாக்டரிடம் ஸ்டெதாஸ்கோப் முறையில் பார்த்துக்கொள்வது நல்லது.

பாதரச மிஷின்தான் சரி என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். பாதரசத்தின் ஆபத்தைப் பற்றி நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் பாதரச மாசால் மூடப்பட்டது தெரிந்த கதை.

பெல்ட்டைச் சட்டைக்கு மேலே சுற்றாதீர்கள். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, வெறும் கையில் சுற்றுங்கள். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி ஏற்றினால் அதுவே இன்னொரு பெல்ட் ஆகிவிடும். பருத்த கைக்குச் சின்ன பெல்ட் போட்டால் எண் கூடுதலாகக் காட்டும். கடையில் கையின் சுற்றளவைச் சொல்லிக் கேளுங்கள். கையை மேஜைமேல் நெஞ்சு மட்டத்துக்கு வைக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் கீழே தொங்கினாலே ஏழெட்டுப் புள்ளி ஏறும். காபி, பீடி எதுவானாலும் அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வந்து உட்காருங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் பாருங்கள்.

இரண்டு வகைக் கைகளுக்கு விலக்கு உண்டு. டயாலிசிசுக்காக ரத்தக்குழாயை இணைத்த கை; மார்பகப் புற்றுநோய்க்கு அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை. டாக்டரைக் கேட்காமல் அதில் பெல்ட் கட்டக் கூடாது.

மேல் எண் 180-ஐயோ கீழ் எண் 120-ஐயோ தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல் இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

சின்னாளபட்டி அம்மாவின் 146-உம் கூடுதல்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்னும் சில நாள் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இப்போது காலையில் காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால் அளந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு எண்களையும் குறித்துவைக்கிறார். பேரன் கதை அதற்கப்புறம்தான்.