சினமும் செயலும்
(கணியம்பாடியில் ஆற்றிய உரை)



அடக்கமாவது உணர்வைக் கொல்லுதல் அன்று; அதனை ஆளுதல். திருவள்ளுவர் வெகுளாமையைத் துறவறவியலில் வைத்தார். அடக்கமுடைமையையோ 13ஆம் அதிகாரமாக இல்லறவியலிலேயே வைத்தார். ஆகவே, அடக்கம் மனையில் வாழ்வார்க்குரிய அன்றாட அறம்.

1960களின் இந்தியெதிர்ப்புக் காலத்தே வேலூர்ச் சிறையில் அடைபட்ட பாவலரேறு பெருஞ்சித்திரனார், சினத்தை வெற்று வசையாகக் கொட்டித் தீர்த்தாரல்லர். ஆங்கிருந்தே 'ஐயை' என்னும் பாவியத்தின் முதற்பகுதியை யாத்தார். அடங்கிய சினம் ஆக்கமாயிற்று!

இவ்வட்டாரத்துத் தோல் பதனிடுவார் அறிவர்: சுண்ணநீரில் உரிய நாள் ஊறாத தோல் பதப்படாது. சொல்லும் அத்தகைத்தே, உள்ளத்தில் ஊறிய பின்னரே வெளிவருதல் வேண்டும்.

வீட்டுப் பிள்ளை 'தேங்க்ஸ்' என்றால் சீறற்க. 'நன்றி' என நீவிர் நாளும் சொல்லுக. சீற்றம் பிள்ளையை அஞ்சுவிக்கும், தமிழைக் கற்பிக்காது. நாவடக்கிச் செயல் பெருக்குவோம்!

வெல்க தமிழ்!