மாட்டுக்கு ஊசி உண்டு, மகனுக்கு இல்லையா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரை)



பிரிக்பீல்ட்ஸில் காய்ச்சல் வந்தால் நடந்து போகும் தூரத்தில் கிளினிக் இருக்கிறது. கிள்ளானில் அரசாங்க மருத்துவமனையே இருக்கிறது. ஆனால், ஆடு மாடுகளோடு மேய்ச்சல் தேடி ஊர் ஊராகப் போகும் மக்களுக்கு?

ஆப்பிரிக்காவில் சாட் என்றொரு நாடு. 2000ஆம் ஆண்டையொட்டி, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களும் உள்நாட்டு மருத்துவர்களும் அங்குள்ள மேய்ப்பர்களின் முகாம்களுக்குப் போனார்கள். மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டிருந்தது. ஆனால் எல்லாத் தடுப்பூசியும் முழுமையாகப் போட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை!

பெற்றோருக்குப் பிள்ளை மீது பாசம் இல்லையா? அப்படியல்ல. கால்நடை மருத்துவர் மந்தையைத் தேடி வந்தார். பிள்ளைகளுக்கான மருத்துவர் வரவில்லை. அவ்வளவுதான்.

அவர்கள் கண்ட வழி எளிமையானது. கால்நடை மருத்துவக் குழுவோடு பிள்ளைகளுக்கு ஊசி போடும் குழுவையும் சேர்த்து அனுப்பினார்கள். ஒரே வண்டி, மருந்து கெடாமல் வைக்க ஒரே குளிர்ப்பெட்டி. செலவும் குறைந்தது.

தமிழ்நாட்டில் இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள், அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட, தஞ்சை வட்டாரம் வரை நடக்கிறார்கள். அங்கே 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் கதவே இல்லாதவரின் கதவை எப்படித் தட்டுவது? கிடை போடும் வயலுக்குத்தான் போக வேண்டும். ஓர் ஊரில் போட்ட ஊசி அடுத்த ஊருக்குத் தெரிய, தாயின் கையில் ஒரு பதிவுப் புத்தகமும் வேண்டும்.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. சரவாக் உட்புறங்களுக்கு 1973 முதல் ஹெலிகாப்டரில் மருத்துவக் குழு பறக்கிறது. மனமிருந்தால் மருத்துவம் நகரும்.

நேயர்களே, நிரந்தர முகவரி இல்லாததால் மேய்ப்பர்கள் விடுபட்டார்கள். இங்கே கிள்ளான் பள்ளத்தாக்கில், முகவரி இருந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாத தமிழர்கள் இருக்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் நாம் ஒரு ரிங்கிட் கட்டுகிறோம்; குடியுரிமை இல்லாவிட்டால், இங்கேயே பிறந்தவருக்கும் அந்நியர் கட்டணம்தான். அதற்குப் பயந்தே நோயை மறைப்பவர்கள் உண்டு.

உங்கள் பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், தேசியப் பதிவிலாகாவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஒருமுறை போய் நடக்காவிட்டால், மறுமுறையும் துணைக்குப் போங்கள்.