கூட்டிப் போவதும் தூக்கிப் போவதும்



அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், செந்நிறப் பாறைகளும் குத்துச்செடிகளுமாக விரிந்து கிடக்கும் பாலைநிலம் ஒன்று உண்டு. அங்கே பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டுவது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சேஜ் என்கிற புதரின் காய்ந்த தண்டைச் சீவி ஒரு கோல் செய்ய வேண்டும். அதன் தடித்த தண்டு ஒன்றைப் பிளந்து, தட்டையாக ஒரு பலகை. வளைந்த கிளையில் கயிறு கட்டினால் வில். வில்லின் கயிற்றில் கோலை ஒரு சுற்றுச் சுற்றி, பலகையில் குடைந்த குழியில் நிறுத்தி, மேலே ஒரு கல்லை வைத்து அழுத்திக்கொண்டு, வில்லை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். யாகசாலையில் அரணி கடைவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். கொஞ்ச நேரத்தில் புகை வரும். புகையைக் கண்ட சந்தோஷத்தில் பிள்ளை கையை நிறுத்திவிடும். நிறுத்தினால் போயிற்று. குழியின் ஓரத்துப் பிளவில் கருந்தூள் சேர்ந்து, அந்தத் தூளே தனியாகப் புகையும்வரை இழுத்தாக வேண்டும். பிறகு அந்தப் பொட்டளவு கங்கை, ஜூனிப்பர் மரப்பட்டையைக் கசக்கிப் பஞ்சாக்கிய நாருக்குள் வைத்து ஊத வேண்டும். வேகமாக ஊதினால் சிதறிவிடும். தயங்கினால் அணைந்துவிடும்.

பலருக்கு இது கைவர நாள்கணக்கில் ஆகும், சிலருக்கு வாரக்கணக்கில். உள்ளங்கை கொப்பளிக்கும். அழுவார்கள், வில்லைத் தூக்கி எறிவார்கள், மறுபடி போய் எடுத்து வருவார்கள். கத்தினாலும் கெஞ்சினாலும் மரம் மசியாது. கை ஒழுங்காகப் போனால் பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். பள்ளிக்குப் போக மறுத்த, போதையில் விழுந்த, தன் கையையே கீறிக்கொண்ட ஒரு பிள்ளைக்கு, “என்னாலும் ஒன்று ஆகும்” என்று காட்டிக்கொடுக்க இதைவிட நேரான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வனாந்தரச் சிகிச்சை என்று இதற்குப் பெயர். தடம் மாறிப்போன விடலைப் பிள்ளைகளைச் சிறு குழுவாக மலைக்கும் பாலைக்கும் கூட்டிப்போய், எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை நடக்கவைத்து, சமைக்கவைத்து, வெட்டவெளியில் தூங்கவைத்து, நடுவே மனநலச் சிகிச்சையும் தருவது. இந்த முறைக்குள் உண்மையான சரக்கு இருக்கிறது என்று நம்புகிறவன் நான். அதை அமெரிக்காவில் பல இடங்களில் நடத்திய விதத்தை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. இரண்டையும் சேர்த்தே இன்று பேசப்போகிறேன்.

வெட்டவெளி மனத்தை ஆற்றும் என்பதை மருத்துவர்கள் கண்டுகொண்டது ஏறக்குறைய தற்செயலாகத்தான். 1901-ல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் அரசு மனநல மருத்துவமனையில், காசநோயும் பீடித்த நோயாளிகளைத் தொற்றுக்குப் பயந்து புல்வெளியில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார்கள். அவர்களுடைய உடம்போடு மனமும் தேறத் தொடங்கியது. அதற்குப் பின் 1941, இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜெர்மனியில் நாஜிகளிடமிருந்து தப்பி பிரிட்டனுக்கு வந்த கல்வியாளர் குர்ட் ஹான், லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளியோடு சேர்ந்து வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊரில் ஒரு பள்ளி தொடங்கினார். டார்பிடோ தாக்கிக் கப்பல் மூழ்கும்போது, உயிர்காக்கும் படகில் ஏறிய வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், உடம்பில் வலுவுள்ள இளைஞர்கள் முதலில் சாகிறார்கள் என்பது ஹோல்டின் கவலை. வலு இருந்தும் மனம் கைவிட்டுவிடுகிறது என்று அவர்கள் கருதினார்கள். அதற்காக ஒரு மாதப் பயிற்சி. அவுட்வர்ட் பவுண்ட் என்ற பெயரில் பிற்பாடு உலகெங்கும் பரவியது அதுதான்.

டெக்சாஸின் கேம்பெல் லாஃப்மில்லர் என்பவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். 1946-ல் டல்லாஸ் நகரத்துச் சங்கம் ஒன்றின் சிறுவர் முகாமுக்குப் பொறுப்பேற்றார் அவர். பத்துப் பையன்கள், இரண்டு பெரியவர்கள். குடிசையை அவர்களே கட்ட வேண்டும், சாப்பாட்டை அவர்களே திட்டமிட வேண்டும். சண்டை வந்தால் கையிலிருக்கும் வேலை அப்படியே நிற்கும். எல்லோரும் உட்கார்ந்து பேசித் தீர்த்த பிறகுதான் அடுத்த வேலை. மதியச் சாப்பாடு தள்ளிப்போனாலும் சரிதான். ஒவ்வொரு பையனுக்கும் அங்கே சொல் இருந்தது, அந்தச் சொல்லைக் கேட்க ஆளும் இருந்தது. இந்தக் கலையின் உயிர்நாடி இதுதான் என்பேன்.

யூட்டா கதைக்கு வருகிறேன். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் லாரி டீன் ஓல்சன் என்று ஒருவர், பழங்குடிகளின் பிழைப்புக் கலைகளில் ஊறியவர். 1968-ல், படிப்பில் தோற்று வெளியேற்றப்பட்ட மாணவர்களை ஒரு மாதம் பாலைநிலத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். போய் வந்தால் மறுபடி கல்லூரியில் சேரலாம் என்பது ஏற்பாடு. திரும்பி வந்த பலர் படிப்பில் தேறினார்கள். அந்தப் பாலைநிலத்தில் பிற்பாடு முளைத்த முகாம்களுக்கெல்லாம் இதுவே மூலம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த மாணவர்கள் போகிறேன் என்று சொல்லிப் போனவர்கள்.

எண்பதுகளின் பிற்பகுதியில் இது தொழிலானது. பணம் கட்டுகிறவர்கள் பெற்றோர். போக வேண்டியது பிள்ளை. பிள்ளை வரமாட்டேன் என்றால்? அதற்கும் ஒரு தொழில் பிறந்தது. விடியற்காலை மூன்று மணி, நான்கு மணிக்கு முன்பின் தெரியாத இரண்டு தடித்த ஆட்கள் படுக்கையறைக்குள் நுழைவார்கள். அம்மாவும் அப்பாவும் வாசலில் நிற்பார்கள், அல்லது நிற்கக்கூடத் தெம்பில்லாமல் அடுத்த அறையில் இருப்பார்கள். “நீயாக வந்தால் நல்லது” என்பார்கள் அந்த ஆட்கள். வராவிட்டால் கைவிலங்கு போட்டு இழுத்துப் போனதும் உண்டு. ஊர் பேர் சொல்லாமல் விமானத்தில் ஏற்றி, காரில் ஏற்றி, முகாமில் இறக்கிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதைத் தாண்டிவந்த பலர், இருபது முப்பது வருஷம் கழித்தும் கதவு திறக்கும் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பதாகச் சொல்கிறார்கள். சிகிச்சை தேவைப்படும் பிள்ளைக்கு, சிகிச்சையின் முதல் நாளிலேயே புதிதாக ஒரு காயம். வீட்டிலேயே, பெற்றவர்கள் கண்முன்னே.

முகாமுக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பட்டம் பெற்ற சிகிச்சையாளர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோதான் ஜீப்பில் வந்து போவார். ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு மணி நேரம்போலத் தனியே பேசுவார். ஊர் திரும்பிப் பெற்றோருக்குத் தொலைபேசியில் நிலவரம் சொல்வார். மீதி நேரமெல்லாம், இரவு உட்பட, பிள்ளைகளோடு இருப்பவர்கள் வழிகாட்டிகள். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள், குறைந்த சம்பளம், ஒருவாரம் போலக் காட்டில், ஒருவாரம் போல விடுப்பு. கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டவரும், நடுராத்திரி அழுகையைக் கேட்டவரும், அடுப்பங்கரையில் பிள்ளை வாய்தவறிச் சொன்ன ரகசியத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டவரும் அவர்கள்தாம். நல்ல முகாம்களில் இந்தச் சிகிச்சையின் பாதி அவர்கள் கையில்தான் நடந்தது என்று துணிந்து சொல்வேன். அவர்களுக்குக் கிடைத்த பயிற்சியோ சில நாட்கள்.

கடிதம் ஒன்று உண்டு. பிள்ளை வந்த முதல் வாரங்களில், ஏன் உன்னை அனுப்பினோம் என்று பெற்றோர் எழுதுவது. அதைச் சிகிச்சையாளர் கொண்டுவந்து கொடுப்பார். குழு வட்டமாக உட்கார்ந்திருக்க, பிள்ளை அதை உரக்கப் படிக்க வேண்டும். நீ திருடினது, பொய் சொன்னது, உன் தங்கை உன்னைக் கண்டு பயந்தது எல்லாம் அதில் இருக்கும். வாய்விட்டுப் படித்தபோதுதான் வீட்டின் வலி தனக்கு உறைத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதில் எழுத வேண்டிய பிள்ளைக்கு அந்தரங்கம் இல்லை. அது எழுதுவதெல்லாம் சிகிச்சையாளர் கண்ணில் பட்ட பிறகே வீட்டுக்குப் போகும். “கூட்டிப்போங்கள், இங்கே பசிக்கிறது, பயமாக இருக்கிறது” என்று எழுதினால், நம்பாதீர்கள், மனத்தை இளக்கப் பார்க்கிறான் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்த முகாம்கள் பல. கூலி கொடுப்பது பெற்றோர், நோயாளி பிள்ளை, இருவருக்கும் நடுவே இருக்கிற ஒரே கதவின் சாவி சிகிச்சையாளரிடம். இவ்வளவு அதிகாரத்தை எந்த நல்ல சிகிச்சையாளரும் கேட்டு வாங்கக் கூடாது.

பிள்ளை நடிக்கிறது என்ற இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்லியாக வேண்டும். 1990-ல் யூட்டாவில், சேலஞ்சர் என்ற அமைப்பின் நடைப்பயணத்தில் 16 வயதுப் பெண் ஒருத்தி வெயில் தாங்காமல் இறந்தாள். 1994 மார்ச் மாதம், அதே மாநிலத்தில் எஸ்கலான்ட்டே பக்கத்தில், நார்த் ஸ்டார் என்ற முகாமில் 16 வயதுப் பையன் ஒருவன். வயிற்றுவலி என்றான், நடக்க முடியவில்லை என்றான். எலும்பும் தோலுமாக ஆனான். வேஷம் போடுகிறான் என்றார்கள் கூட இருந்தவர்கள். குடற்புண் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவி அவன் இறந்துபோனான். பசியையும் குளிரையும் அவன் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தான். எழுத்தாளர் ஜான் கிராக்கவர் 1995-ல் அவுட்சைட் பத்திரிகையில் எழுதிய நெடுங்கட்டுரை வழியே உலகம் அதை அறிந்தது. அந்தப் பையன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதை நம்ப ஒரே ஒருவர் இருந்திருந்தால், ஒரு மருத்துவர் அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்திருந்தால், பிழைத்திருப்பான்.

2007-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம், இத்தகைய முகாம்களையும் விடுதிகளையும் பற்றிய அறிக்கையை நாடாளுமன்றத்தின் முன் வைத்தது. துன்புறுத்தல் புகார்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 2005 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர்கள் அத்தகைய சம்பவங்களில் சம்பந்தப்பட்டிருந்தார்கள். பத்து மரணங்களை விரிவாக ஆராய்ந்திருந்தார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. 2024 பிப்ரவரியில் வட கரோலினாவில் ஒரு முகாமுக்கு வந்த 12 வயதுப் பையன், வந்து ஒரு நாள் ஆவதற்குள், தூங்கவைத்த சிறு கூடாரப் பையிலேயே மூச்சுமுட்டி இறந்தான். அந்த முகாமின் உரிமத்தை மாநிலம் பறித்தது.

“என் பிள்ளை அங்கேபோய்த்தான் பிழைத்தது” என்கிற பெற்றோரும் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். ஆய்வுகளும் முன்னேற்றம் என்றுதான் பெரும்பாலும் சொல்கின்றன. அவற்றை நிதானமாகப் படிக்க வேண்டும். பல ஆய்வுகள், வந்த நாளிலும் போகும் நாளிலும் பிள்ளைகளும் பெற்றோரும் நிரப்பிய கேள்வித்தாளை ஒப்பிடுகின்றன. வீட்டிலேயே இருந்த, அதே அளவு தவித்த பிள்ளைகளோடு ஒப்பிட்டவை குறைவு. நெருக்கடியின் உச்சத்தில் வருகிற பிள்ளை, எதுவும் செய்யாவிட்டாலும் சில மாதங்களில் ஓரளவு தணியக்கூடும். அதோடு, முகாம் முடிந்து கிளம்பிய பலர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே உறைவிடச் சிகிச்சைப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நாளுக்குச் சுமார் 500 டாலர் கொடுத்து, பிறகு இன்னொரு கட்டணமும் கொடுத்த குடும்பங்கள் அவை.

இப்போது நார்வே. தெற்கே கிறிஸ்டியான்சாண்ட் நகரில் சோர்லாண்டெட் மருத்துவமனை, அரசு மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவுக்கு வரும் 16 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இதே வனாந்தரச் சிகிச்சை உண்டு. அமெரிக்காவில் உள்ளது போன்ற கட்டண முகாம் இல்லை. மருத்துவமனையின் சிகிச்சையாளர்களே மூட்டை தூக்கிக்கொண்டு கூடப் போகிறார்கள், அதே நெருப்பில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். சுமார் பத்து வாரம். வாரம்தோறும் ஒரு நாள் வெளியே, நடுவில் சில இரவுகள் தங்கும் பயணங்கள், மற்ற நாளெல்லாம் வீடு, பள்ளி, சொந்தப் படுக்கை. வர விருப்பமா என்று பிள்ளையைக் கேட்கிறார்கள். இல்லை என்றால் வேறு சிகிச்சை. கரினா ஃபெர்னீ, லைவ் ஐனார் கேப்ரியல்சன் முதலிய ஆய்வாளர்கள், காட்டில் எது எதனால் வேலை செய்கிறது என்று பொறுமையாகப் பிரித்துப் பார்த்து எழுதி வருகிறார்கள். காடு அதே காடுதான், தீயும் அதே தீதான். அங்கே பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல வாயிருக்கிறது.

இந்தத் துறைக்குள்ளிருந்தே குரல் எழும்பியிருப்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. கனடாவின் நெவின் ஹார்ப்பரும் ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் வில் டோபுட்டும் வெட்டவெளிச் சிகிச்சையில் ஈடுபாடு கொண்டவர்கள், அதை ஆராய்ந்தவர்கள். பிள்ளைகளை வலுக்கட்டாயமாகத் தூக்கிவரும் வழக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்து எழுதியவர்களும் அவர்களே. இளவயதில் யூட்டாவின் உறைவிடப் பள்ளியில் அடைக்கப்பட்ட அமெரிக்கப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் வருஷக்கணக்காக வாதாடியதும் சேர்ந்து, 2024 டிசம்பரில் அமெரிக்காவில் நிறுவனங்களில் சிறார் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. தேசிய அறிவியல் கழகங்கள் இந்த நிறுவனங்களை ஆராய்ந்து பரிந்துரை தர வேண்டும் என்கிறது அது. விடியற்காலையில் படுக்கையறைக்குள் ஆள் அனுப்புவதை அது தடை செய்யவில்லை. அந்தத் தடை வரவேண்டும், முதலில் அதுதான் வரவேண்டும்.