வருமானச் சான்றும் வைத்தியக் காப்பீடும்

(சிவகாசியில் நடைபெற்ற நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சர்க்கார் அளிக்கும் வைத்தியக் காப்பீட்டைப் பற்றியது. இதைச் சபையில் பேசுவதற்கே சிலர் கூசுகின்றனர். “நாம் மகமை கொடுத்துப் பழகியவர்கள், கையேந்திப் பழகியவர்களல்லர்” என்று ஒரு பெரியவர் என்னிடம் கூறினார். மகமை என்பதுதான் யாது? மூட்டைக்கு இவ்வளவென்று ஒவ்வொரு வியாபாரியும் ஒதுக்கியதைப் பொது நிதியாகத் திரட்டி, நம் முன்னோர் பள்ளிக்கூடமும் பேட்டையும் கண்டார்கள். கொடுத்தவனே தேவை வந்தபோது அதன் பலனையும் அடைந்தான். அதை எவரும் பிச்சை என்று சொல்லவில்லை. சர்க்கார் காப்பீடும் நாம் வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் செலுத்தும் வரியினின்று நடப்பதே.

கௌரவம் பார்த்ததன் பலனை யான் என் குடும்பத்திலேயே கண்டேன். என் தமையனார் சிறியதொரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். “எனக்கு வருமானம் குறைவு” என்று எழுதிக் கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. செய்தி கசிந்தால் மொத்த வியாபாரிகள் கடனுக்குச் சரக்குக் கொடுக்கமாட்டார்கள் என்பது அவருடைய அச்சம். அது முற்றிலும் வீண் அச்சமென்றும் யான் சொல்லமாட்டேன். ஒருநாள் இரவு நெஞ்சுவலி கண்டு மதுரைக்குக் கொண்டுசென்றோம். தனியார் ஆஸ்பத்திரியில் எங்களைக் கேட்ட முதல் கேள்வி, “கார்டு இருக்கிறதா?” என்பதே. மதினியாரின் நகைகள் அன்றிரவே அடகுக்குப் போயின. மூன்று மாதத்தில் கடையும் கைமாறிற்று. தமையனார் பிழைத்துவிட்டார், இப்பொழுது பிறர் கடையில் கணக்கெழுதுகிறார். இதைச் சபையில் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டேன். “சொல், நாலு பேர் விழிக்கட்டும்” என்றார்.

2009-ஆம் ஆண்டு ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கிய ஏற்பாடு, 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெறுகிறது. 2018-இல் மத்திய சர்க்காரின் திட்டத்தோடு இணைக்கப்பட்டபின், குடும்பமொன்றுக்கு ஆண்டிற்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. ரொக்கம் கைக்கு வராது. பட்டியலிற்கண்ட உள்நோயாளிச் சிகிச்சைகளுக்குரிய தொகை ஆஸ்பத்திரிக்கே செல்லும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கார்டு இல்லாதவர்க்கும் இலவச வைத்தியம் உண்டென்பதையும் மறத்தல் ஆகாது.

ஆரம்பத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்றிருந்தது. நாளொன்றுக்கு 300 ரூபாய் வாங்குபவன் 240 நாள் வேலை செய்தாலே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவான்! 2022 ஜனவரி முதல் அது 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது.

இவ்விடத்தில்தான் நம்மவர் பிழை செய்கின்றனர். பட்டாசு ஆலையில் சரம் பின்னும் ஒரு சகோதரியை, “வாரம் எவ்வளவு வாங்குகிறாய்?” என்று கேட்டால், தீபாவளிக்கு முன்பு கைநிறைய வாங்கிய கூலியைச் சொல்கிறாள். கேட்பவர் அதை 52-ஆல் பெருக்குகிறார். கோடு தாண்டிவிடுகிறது. ஆனால் சட்டம் கேட்பது ஆண்டு வருமானத்தை. தீபாவளி கழிந்து ஆலை திறக்கும் வரையில் கூலி ஏது? மழை நாளில் மருந்து காயாது, வேலையும் இராது. நாட்கூலி 400 ஆயினும் 200 நாளே வேலை நடந்தால் வருமானம் 80,000 தான். அன்றியும், முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கடனேயன்றி வருமானமன்று. அதையும் சேர்த்துச் சொல்வது அறியாமை. ஆதலால் ஒவ்வொரு குடும்பமும் வேலை செய்த நாட்களை ஒரு நோட்டில் குறித்து வைத்தல் வேண்டும்.

பொய்க்கணக்குக் காட்டச் சொல்கிறேனென்று எவரும் எண்ண வேண்டாம். கணவனும் மனைவியும் தலைக்கு 80,000 ஈட்டினால் குடும்ப வருமானம் 1,60,000. அவர்கள் கோட்டுக்கு மேற்பட்டவர்களே. உள்ளதை மறைத்துச் சான்று பெறுவது, அதற்குரிய வேறொரு குடும்பத்தின் பங்கைத் தொடுவதாகும். இரண்டு கூலி வாங்கும் வீட்டைச் செல்வரென்று தள்ளும் இக்கோடு நியாயமானதன்று என்பது என் அபிப்பிராயம். அதை உயர்த்தக் கோரிச் சங்கம் மனுச்செய்யலாம்.

அதுவரை அவர்களுக்குக் கதி யாது? இங்கே வீற்றிருக்கும் ஆலை முதலாளிகளை நோக்கி, அவர்கள் மன்னிக்க வேண்டுமென்ற வேண்டுதலோடு, ஒரு வார்த்தை சொல்வேன். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த தொழிலாளர் ஈட்டுறுதி, அதாவது இ.எஸ்.ஐ., நம்மூருக்குப் புதிதன்று. இங்கேயே அதன் ஆஸ்பத்திரி உண்டு. 2019 ஜூலையில் முதலாளியின் பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு 3.25 ஆகவும், தொழிலாளியின் பங்கு 0.75 ஆகவும் குறைக்கப்பட்டன. பதினாயிரம் ரூபாய்ச் சம்பளத்திற்கு முதலாளி தருவது 325 ரூபாய். தொழிலாளி தருவது 75. இதைக் கொண்டு வைத்தியம் மட்டுமன்று, வேலையில் உண்டாகும் விபத்தால் உழைக்க இயலாது போனவர்க்குச் சம்பளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வரையிலும், இறந்தவரின் குடும்பத்திற்கு உதவித்தொகையும் கிடைக்கும். பதிவேட்டில் பெயரில்லாத கையாளுக்கு இவற்றை நிரூபித்துப் பெறுவது பெரும்பாடு. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நிகழ்ந்ததை இச்சபையில் மறந்தவர் இலர். தீக்காயம் பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடும் நேரத்தில் பெயர்ப்பதிவைத் தேடுதல் தகுமா? முதலாளியும் தொழிலாளியும் ஒரே உறவின்முறையில் சம்பந்தம் செய்துகொள்ளும் ஊர் இது.

கார்டு பெறும் வழியைச் சுருங்கச் சொல்கிறேன். கிராம நிர்வாக அலுவலர் முதலிய வருவாய்த் துறையாரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டு, விருதுநகரில் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்திற்குச் செல்ல வேண்டும். பெயர் குடும்ப அட்டையில் இருத்தல் முக்கியம். புதிதாக வந்த மருமகளின் பெயரும் பிறந்த குழந்தையின் பெயரும் பல வீடுகளில் இன்னும் சேர்க்கப்படவில்லை; முதலில் அதைச் செய்யுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் யானும் இரண்டு வாலிபர்களும் சங்கக் கட்டிடத்தின் பின்னறையில் மனு எழுதிக் கொடுக்க அமர்ந்திருப்போம். பின்வாசல் வழியாகவும் வரலாம். யார் வந்தார்கள் என்று எவரிடமும் சொல்லமாட்டோம். குடும்ப அட்டையையும், வேலை நாட்களைக் குறித்த நோட்டையும் மறவாமல் கொண்டுவாருங்கள்.