ஐந்தாண்டு வயதின் விலை: ஏர் டெக்கானின் எழுச்சியும் வீழ்ச்சியும்

‘குறைந்த கட்டண விமான நிறுவனம்’ என்று தமிழில் வழங்கும் தொடர், பயணி கொடுக்கும் பணத்தை மட்டுமே சுட்டுவதால், அத்தொழிலின் உயிர்நாடியாகிய செலவுக் குறைப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட், அயர்லாந்தின் ரயன்ஏர் ஆகியவை வளர்த்தெடுத்த முறையில் ஒரே வகை விமானம், தரையிறங்கிய விமானத்தை அரைமணி நேரத்துக்குள் மீண்டும் பறக்க வைக்கும் வேகம், விலைகொடுத்து வாங்கினாலன்றி உணவில்லை என்னும் கட்டுப்பாடு, முகவரைத் தவிர்த்த நேரடி விற்பனை ஆகியவை செலவை முதலில் இறக்கின. கட்டணம் அதைத் தொடர்ந்தே இறங்கியது. இந்தியாவில் இம்முறையை முதன்முதலாக முயன்று பார்த்த ஏர் டெக்கானின் கதை, இவ்வரிசை தலைகீழானால் என்ன நேரும் என்பதற்குச் சான்றாகிறது.

கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்துக் கோரூரைச் சேர்ந்தவரும், 1971ஆம் ஆண்டுப் போரில் பங்கேற்ற முன்னாள் இராணுவ அதிகாரியும், பின்னர் இயற்கை வேளாண்மையில் ஈடுபட்டவருமான கேப்டன் கோ. ரா. கோபிநாத், வாடகை ஹெலிகாப்டர் நிறுவனம் ஒன்றை நடத்திய பட்டறிவோடு, 2003 ஆகஸ்டில் பெங்களூரைத் தளமாகக் கொண்டு ஏர் டெக்கானைத் தொடங்கினார். நாற்பத்தெட்டு இருக்கைகள் கொண்ட, சுழல்விசிறியால் (புரொப்பெல்லர்) பறக்கும் ஏடிஆர் விமானங்கள், பெரிய ஜெட் விமானங்கள் எட்டிப் பாராத ஹூப்ளி போன்ற ஊர்களுக்குச் சென்றன. கேலிச்சித்திரக்காரர் ஆர். கே. லக்ஷ்மணின் ‘சாமானிய மனிதன்’ நிறுவனத்தின் சின்னமானார். ஒரு ரூபாய்ச் சீட்டு நாடெங்கும் பேச்சானது. அச்சீட்டு சில இருக்கைகளுக்கே உரியது என்பதும், அதன் மேல் வரிகள் தனி என்பதும் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

எண்பது இருக்கைகளுக்குக் குறைந்த விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணம் விலக்கப்பட்டிருந்ததால், சிற்றூர்ச் சேவை ஓரளவு தன் காலிலேயே நிற்கக்கூடியதாக இருந்தது. ஆனால் நிறுவனம் 180 இருக்கைகள் கொண்ட ஏர்பஸ் ஏ320 விமானங்களைச் சேர்த்துக்கொண்டு பெருநகர வழித்தடங்களில் இறங்கியபோது, ஒரே வகை விமானம் என்ற விதி கைவிடப்பட்டதோடு, விமானிகள், உதிரிபாகங்கள், பழுதுபார்ப்பு அனைத்தும் இரண்டிரண்டாயின. ஐரோப்பாவில் மலிவு நிறுவனங்களுக்குக் கைகொடுக்கும் புறநகர் விமான நிலையங்கள் இந்தியாவில் அப்போது இல்லை. விமான எரிபொருள் மீதான மாநில விற்பனை வரியோ பல மாநிலங்களில் 20 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. ஆகவே எந்தச் செலவைக் குறைப்பது நிறுவனத்தின் கைக்கு எட்டவில்லையோ, அதுவே மொத்தச் செலவில் பெரும்பங்காக இருந்தது. அதே காலத்தில் ஸ்பைஸ்ஜெட், கோஏர், இண்டிகோ ஆகியவை அடுத்தடுத்து வந்தன. அவற்றுள் இண்டிகோ ஒரே வகை விமானத்தோடு தொடங்கியது. 2006இல் சந்தை சரிந்த வேளையில் வெளியிடப்பட்ட ஏர் டெக்கான் பங்குகளுக்கு எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை.

கோபிநாத்தின் தன்வரலாற்றைத் தழுவி 2020இல் சுதா கொங்கரா இயக்கிய ‘சூரரைப் போற்று’ வெற்றிக் கட்டத்தோடு நின்றுவிடுவதால், தமிழ்ப் பார்வையாளர் அறியாத பகுதி இதன் பின்னரே தொடங்குகிறது. 2007இல் தொழிலதிபர் விஜய் மல்லையாவின் குழுமம் 26 விழுக்காட்டுப் பங்குகளை ஏறத்தாழ 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது. நட்டத்தில் நடந்த நிறுவனத்துக்கு இவ்வளவு விலை ஏன் என்ற கேள்விக்கு விடை, அன்றைய ‘ஐந்து-இருபது’ விதியில் இருக்கிறது: உள்நாட்டில் ஐந்தாண்டுகள் பறந்து, இருபது விமானங்களும் வைத்திருக்கும் இந்திய நிறுவனமே வெளிநாடு செல்லலாம். 2005இல் பிறந்த மல்லையாவின் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2010 வரை காத்திருக்க வேண்டியிருக்க, ஏர் டெக்கானுக்கு 2008 ஆகஸ்டிலேயே ஐந்து வயது நிரம்பியது. வாங்கியது மல்லையாவின் குழுமமே எனினும், சட்டப்படி கிங்ஃபிஷரின் விமானத் தொழில் டெக்கான் நிறுவனத்துக்குள் இணைக்கப்பட்டு, பெயர் மட்டும் கிங்ஃபிஷர் என்று மாற்றப்பட்டதன் பொருத்தம் இங்கே விளங்கும். 2008 செப்டம்பரில் பெங்களூர்–லண்டன் விமானம் புறப்பட்டது.

சாமானியரின் சேவை ‘கிங்ஃபிஷர் ரெட்’ என்ற பெயரில், ஆடம்பரத்துக்குப் பெயர்பெற்ற நிறுவனத்தின் ஓரத்தில் சில ஆண்டுகள் நீடித்தது. 2008இல் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது, கடன் ஏறியது, 2011இல் மலிவுச் சேவையை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது, 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரின் எல்லா விமானங்களும் தரையில் நின்றன. அத்தனை விலைகொடுத்து வாங்கப்பட்ட ஐந்தாண்டு நிபந்தனையை நடுவண் அரசு 2016இல் நீக்கிவிட்டது.