கலைஞனுக்கு ஓர் அறை

ஒரு நகரத்தின் கலைப் பெருமையைப் பேசப் புகுந்தால், பெரும்பாலும் அதன் அரங்குகளையும் புகழ்பெற்ற பெயர்களையுமே எடுத்துரைக்கிறோம். அந்தப் பெயருக்குரியவர் எங்கே தங்கினார், எங்கே ஒத்திகை பார்த்தார், மாத வாடகையை எவ்வாறு செலுத்தினார் என்று வினவுவோர் மிகச் சிலரே. இன்று அந்த எளிய வினாவை மனத்திற்கொண்டு, முன்னர் பம்பாய் என வழங்கிய மும்பை மாநகரின் கலைஞர் வாழ்க்கையைச் சிறிது நோக்குவோம்.

1947-ஆம் ஆண்டில் அந்நகரில் ஆறு இளைஞர்கள் கூடி முற்போக்கு ஓவியர் குழுவை அமைத்தனர். சூசா, ரஸா, ஹுசேன், ஆரா, காடே, சிற்பி பாக்ரே ஆகியோரே அவர்கள். சூசா கோவாவில் பிறந்தவர். ரஸா மத்தியப் பிரதேசத்து மண்ணில் வளர்ந்தவர். ஆரா ஐதராபாத் பக்கத்திலிருந்து சிறுவனாக ஓடிவந்தவர். பிழைப்புத் தேடி வந்த இடத்திலேதான் இவர்கள் தங்கள் கலையையும் தேடினார்கள். ஹுசேன் சினிமா விளம்பரப் பலகைகளைத் தீட்டி வயிறு வளர்த்தார். ஆரா மோட்டார் வண்டிகளைக் கழுவிப் பிழைத்தவர். இவர்களது திறமையை முதலில் மதித்தவர்களில் லாங்ஹாமர், லேடன், ஷ்லெஸிங்கர் ஆகிய மூவர், ஹிட்லரின் கொடுமை காரணமாக ஐரோப்பாவை விட்டு வந்தவர்கள். ஊர்விட்டு வந்தோரை ஊர்விட்டு வந்தோரே முதலில் இனங்கண்டுகொண்டனர் என்பது சிந்திக்கத்தக்கது.

திறமையும் ஆதரவும் வாய்த்துவிட்டால் போதுமா? சீலையை விரிக்கவும், நாற்பது முறை ஒரே வசனத்தைச் சொல்லிப் பழகவும் ஓர் இடம் வேண்டும். நிலத்தின் விலை வானைத் தொடும் மும்பையில் அதுவே அரிதினும் அரிது. இக்குறையை ஓரளவு நீக்கியது, வார்டன் சாலையில் கடலை நோக்கி நின்ற பூலாபாய் தேசாய் நினைவு நிலையம். 1950-களிலும் 1960-களிலும் அங்கே மிகச் சொற்பமான வாடகைக்குக் கலைஞர்களுக்கு அறைகள் கிடைத்தன. ஹுசேனும் கைத்தோண்டேயும் அங்கே தீட்டினர். இப்ராஹிம் அல்காஸி 1962-இல் தில்லி தேசிய நாடகப் பள்ளியின் பொறுப்பை ஏற்கச் செல்லும் வரை அங்கே நாடகப் பயிற்சி நடத்தினார். ரவிசங்கரின் கின்னரா இசைப் பள்ளியும் அங்கேதான் இயங்கியது. ஒரு கதவின் பின்னே சிதார், மறு கதவின் பின்னே வண்ணக் கலவை. மாடிப்படியில் நடிகனும் ஓவியனும் எதிர்ப்படுவர். இந்தச் சந்திப்புகளுக்கு மதிப்புப் போட எந்தக் கணக்கனாலும் இயலாது. அந்தக் கட்டடம் இன்று இல்லை. அடுக்குமாடிகள் அந்த வட்டாரத்தை நிரப்பிவிட்டன.

நாடகத்தின் கதையும் இதனை ஒத்ததே. விஜய் டெண்டுல்கர் பத்திரிகை அலுவலகங்களில் பணியாற்றிக்கொண்டே மராத்தி நாடகங்களை எழுதியவர். அவருடைய 'சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே' 1967-இல் மேடையேறியது. அதை இயக்கிய அரவிந்த தேஷ்பாண்டேயும், அதில் நடித்துப் புகழெய்திய சுலபா தேஷ்பாண்டேயும் பின்னர் 1971-இல் நண்பர்களுடன் 'ஆவிஷ்கார்' குழுவைத் தொடங்கினர். அக்குழுவுக்கு 1974-இல் கிட்டிய இடம் தாதரிலுள்ள சபில்தாஸ் பள்ளியின் கூடம். பகலில் பிள்ளைகள் பாடம் படித்த பள்ளி, மாலையில் நாடகக் களமாக மாறிற்று. தொழில்முறை மேடைகள் ஏற்கத் துணியாத நாடகங்கள் பல அங்கே உயிர்பெற்றன. 1990-களின் தொடக்கத்தில் அந்தக் கூடம் கைவிட்டுப்போக, மாஹிமில் உள்ள ஒரு நகராட்சிப் பள்ளியை அக்குழு நாட வேண்டியதாயிற்று.

இசைவாணர் நிலையையும் பார்ப்போம். இந்தித் திரைப்பட இசைக் கூடங்களில் வயலினும் ட்ரம்பெட்டும் வாசித்த கோவா நாட்டுக் கலைஞர்கள் பலருடைய பெயர்கள் படத்தலைப்பில் இடம்பெறவில்லை. அவர்களுள் ஒருவரான அந்தோணி கொன்சால்வஸ், திரைப்படத்துக்கு வாசித்துக் கிடைத்த ஊதியத்தில் வாழ்ந்துகொண்டே, இந்திய ராகங்களை மேனாட்டுப் பல்லிய முறையில் அமைக்கக் கனவு கண்டார். 1958-இல் அதற்கென ஒரு குழுவையும் திரட்டினார். அவரிடம் வயலின் பயின்ற பியாரேலால், 1977-இல் வெளிவந்த ஒரு திரைப்படப் பாட்டின் வழியே ஆசிரியரின் பெயரை நாடறியச் செய்தார். இனி, ஆலைத் தொழிலாளர் வட்டாரத்தில் பாடிய மக்கள் கவிஞர் அண்ணாபாவ் சாத்தேயின் கதை வேறு. கிராமத்திலிருந்து கால்நடையாக நகருக்கு வந்து, ஆலையில் உழைத்து, பாடலும் கதையும் நாவலும் எழுதிக் குவித்தவர், 1969-இல் வறுமையிலேயே மறைந்தார். கைதட்டலுக்குக் குறைவிருக்கவில்லை, அதனால் உலை கொதிக்கவில்லை.

இந்த வரலாற்றில் நம்மவர் பங்கும் உண்டு. திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் குடும்பத்தார் 1945-இல் மாதுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரை நிறுவினர். தஞ்சை நட்டுவனார் மரபு அங்கே மராத்தியப் பெண்களின் கால்களிலும் குஜராத்திப் பெண்களின் கால்களிலும் சதங்கையாய் ஒலித்தது. 1952-இல் தோன்றிய சண்முகானந்த சபை, 1963-இல் ஏறக்குறைய மூவாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கைத் திறந்தது. 1990-இல் நெருப்புக்கு இரையான அவ்வரங்கம், அன்பர்களின் விடாமுயற்சியால் 1998-இல் மீண்டும் எழுந்தது.

பேரரங்கம் எழுப்பும் ஆற்றல் நமக்கு உண்டு என்பதை இது மெய்ப்பிக்கிறது. ஆயினும் பேரரங்கம் தேர்ந்த கலைஞருக்கே உரியது. தேர்ச்சி பெறும் வரை அவர் எங்கே பயில்வார்? தில்லியிலோ, கல்கத்தாவிலோ, பெங்களூரிலோ, நாக்பூரிலோ வாழும் தமிழன்பர்கள் பலருக்குச் சங்கக் கட்டடம் ஒன்று உண்டு. வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கும் அக்கூடத்தை, மாலை வேளையில் நாடகம் பழகும் இளைஞர்க்கும் மிருதங்கம் பயிலும் சிறுவர்க்கும் திறந்துவிடலாகாதா? தமிழர்க்கு மட்டும் என்றும் வரையறுக்க வேண்டாம். அந்த ஊரின் மொழியில் எழுதும் நாடகாசிரியரும் அங்கே வரட்டும். நமக்கு இடம் தந்த ஊருக்கு நாம் திருப்பித் தரக்கூடிய இடம் அது. நிகழ்ச்சிக்கு அழைத்த கலைஞருக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடாமல், பேசிய சன்மானத்தை அன்றிரவே கையில் கொடுத்தனுப்புவதும் நம் கடமை.

பூட்டுக்குச் செலவிடும் பணத்தைக் காட்டிலும் ஒரு விளக்குக்கு ஆகும் மின்கட்டணம் அதிகமாக இருக்கலாம். அந்த விளக்கின் கீழ் நாளை யார் உருவாவார் என்பதை இன்றே அறிய வழியில்லை. பூலாபாய் நிலையத்தின் கதவைத் திறந்துவிட்டவர்களும் அதை அறிந்து திறக்கவில்லை.